மூன்று சுற்று

நான் வரைந்த பெண்ணைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கப்போகிறார்கள் என்று போன் வந்தபோது, நான் ஏழாம் வகுப்பில் கரும்பலகையில் ஒரு பூசணிக்காயை வரைந்துகொண்டிருந்தேன். தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை நான். வகுப்பு நேரத்தில் போன் கூடாது என்று பிள்ளைகளை மிரட்டுகிற நானே வராந்தாவுக்கு ஓடிப்போய்ப் பேசினேன். திரும்பி வந்தபோது தலைகால் புரியவில்லை. பூசணிக்காய்க்குக் கண்ணும் மூக்கும் வைத்துவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன்.

என் படக்கதையின் நாயகிக்கு மடைக்காரி என்று மட்டும்தான் பெயர். அவளுக்குப் பறக்கத் தெரியாது. யாரையும் தூக்கிப் போட்டு மிதிக்க மாட்டாள். தோளில் ஓர் இரும்புக் கைப்பிடியைச் சாய்த்துக்கொண்டு வாய்க்கால் கரையில் நடப்பாள். தண்ணீர் யாருக்கு, எப்போது என்பதை அவள்தான் சொல்வாள். டெல்டாவில் இதைவிடப் பெரிய சக்தி வேறென்ன வேண்டும்? முதலில் வாரம் ஒரு பக்கமாக வரைந்து தெரிந்தவர்களின் போனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு சிறிய பதிப்பாளர் புத்தகமாகப் போட்டார். புத்தகக் கண்காட்சியில் பிள்ளைகள் என்னிடம் வந்து, அடுத்த புத்தகத்தில் அவள் யாரைப் பிடிப்பாள் என்று கேட்டபோதெல்லாம் எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடும்.

மடைக்காரி என் அக்கா. இதை நான் ஒளித்ததும் இல்லை, அவளிடம் அனுமதி கேட்டதும் இல்லை.

எங்கள் ஊர் திருவாரூர் பக்கம். அப்பா இளமையில் பிறர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். நாற்பது வயதுக்கு மேல்தான் ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், சொந்தமாக வாங்கினார். எங்கள் ஊர் வயல்களுக்குப் பெரிய வாய்க்காலிலிருந்து ஒரு கிளை வாய்க்கால் பிரிகிறது. பிரிகிற இடத்தில் ஓர் இரும்பு ஷட்டர், அதைத் தூக்க ஒரு திருகுக் கம்பி, கம்பியில் மாட்டிச் சுற்ற முழங்கை நீளத்துக்கு ஒரு கைப்பிடி. ஆற்றில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை வைத்துத்தான் பாய்ச்சல். நாலு நாள் எங்களுக்கு, நாலு நாள் கடைமடைக்கு. பெரிய வாய்க்கால் போய் முடிகிற கடைசி ஊரைத்தான் கடைமடை என்போம். முறை தவறாமல் பார்த்துக்கொள்ள ஊர் கூடி ஒருவரைச் சொல்லும், கைப்பிடி அவர் வீட்டில் இருக்கும். எல்லாத் தெருக்காரர்களும் சண்டை போடாமல் ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அக்காதான். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

அந்த வருஷ சம்பாவில் எங்கள் ஆறு மாவும் வெடித்துக் கிடந்தது. முறையோ கடைமடையுடையது. கைப்பிடி எங்கள் வீட்டுக் கதவு மூலையில் சாய்ந்திருந்தது. அப்பா வாயைத் திறந்து கேட்கவில்லை. ஆனால் அந்த நாலு நாளும் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அக்கா திறக்கவில்லை. எங்கள் முறை வருவதற்குள் பாதிப் பயிர் போய்விட்டது. மீதியில் பதர்தான் அதிகம். அதற்குப் பிறகு அப்பாவுக்கும் அவளுக்கும் சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. மாடு, மாத்திரை, மழை, இதற்கு மேல் பேச்சு இல்லை, அவ்வளவுதான். அவள் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். வீட்டுக்கு வந்தால் அப்பா கட்டிலின் நடுவில் உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் யாருக்கும் இடம் இருக்காது. "பெத்தவன் வயலு காயிறப்ப ஒரு தடவ அந்தப் பக்கம் எட்டிப் பாத்தாளா?" என்று அவர் அம்மாவிடம் சொன்னது ஒரு நாள் என் காதில் விழுந்தது.

அந்தச் சம்பவம் நடந்தபோது நான் ஊரில் இல்லை, கும்பகோணத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா சொல்லிக் கேட்டதுதான். பல வருஷம் கழித்து அதை மூன்றாவது புத்தகத்தில் வரைந்தேன். வெயிலில் ஷட்டருக்கு முன்னால் மடைக்காரி நிற்கிறாள், தோளில் கைப்பிடி, நமக்குத் தெரிவது அவள் முதுகு மட்டும். முழுப் பக்கத்துக்கு அந்த ஒரே படம். அசையாமல் நிற்கிறாள், திறக்காமல் திரும்பிப் போகிறாள். என்னைத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லாரும் அந்தப் பக்கத்தைத்தான் புகழ்ந்தார்கள். நானும் கூச்சப்படாமல் வாங்கிக்கொண்டேன்.

தொடரின் ஒப்பந்தத்தில், படைப்பாளியின் ஆலோசனை பெறப்படும் என்று ஒரு வரி இருந்தது. அதை அக்காவுக்குப் போனில் அரசாணை மாதிரி வாசித்துக் காட்டினேன்.

"அப்படின்னா என்னடி?" என்றாள்.

"என்னைக் கேக்காம அவங்க ஒண்ணும் பண்ண முடியாதுக்கா."

"கேட்டுட்டுப் பண்ணலாம்ல?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் சொன்னது எவ்வளவு சரி என்று ஒரே மாதத்தில் தெரிந்தது. சேலை என்ன நிறம் என்று ஆலோசனை கேட்டார்கள். வெளுத்த நீலம் என்றேன். அருமை மேடம் என்றார்கள். அவர்கள் அனுப்பிய படத்தில் பார்த்தால் சிவப்பு. மடைக்காரிக்கு நாய் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். ஒரு நாய் வந்துவிட்டது, அதுவும் நல்ல சீமை நாய். நான் கத்தவில்லை. நாயை விட்டுக்கொடுத்தால் பெரிய விஷயத்தில் என் பேச்சு எடுபடும் என்று கணக்குப் போட்டேன்.

பெரிய விஷயம் ஐந்தாம் பகுதியில் வந்தது. திரைக்கதையை அனுப்பியிருந்தார்கள். இடி, மின்னல், கொட்டுகிற மழை. மடைக்காரி கோடாலியால் சங்கிலியை வெட்டி ஷட்டரைத் திறக்கிறாள். தண்ணீர் அப்பாவின் வயலுக்குப் பாய்கிறது. அப்பா அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறார். இதைப் படித்துவிட்டு நான் முதலில் சிரித்தேன். அவ்வளவு மழை பெய்தால் எவள் ஷட்டரைத் திறப்பாள்? வடிகாலைத்தான் வெட்டிவிடுவாள். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது, கோபத்தோடு பயமும் வந்தது. அக்கா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள், நம்ம கதை டிவியில் வருகிறது என்று. ஒரு சம்பா பயிரையும் அப்பாவின் பேச்சையும் அவள் இழந்தது திறக்காமல் இருந்ததற்காக. இப்போது டிவியில் அவள் திறந்துவிட்டால், ஊரே பார்க்க அவள் பட்டதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று ஆகிவிடும். அவள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

இயக்குநருக்குப் பதினேழு பத்தியில் மின்னஞ்சல் எழுதினேன். அவர் உடனே கூப்பிட்டார். சென்னைக்காரர், வயதில் என்னைவிடச் சின்னவர், நல்ல மனிதர். நல்ல மனிதர்களோடு சண்டை போடுவதுதான் கஷ்டம்.

"மழைய எடுத்துடலாம் மேடம். ஆனா அவ தொறக்கலன்னா ஆடியன்ஸ் ஏத்துக்க மாட்டாங்க. சும்மா நின்னுட்டுப் போறான்னா எப்படி?"

"அவ அப்படித்தான் சார். முறை தவற மாட்டா."

"ஏன் தவற மாட்டா? உங்க புத்தகத்துலயும் அது இல்லையே. முதுகுதானே காட்டியிருக்கீங்க?"

போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. அவர் தப்பாகக் கேட்டிருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன். எல்லாரும் புகழ்ந்த அந்த முதுகை நான் வரைந்ததற்குக் காரணம் கலை இல்லை. அந்த நேரத்தில் அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

எப்படியோ பேசிப் பேசி, படப்பிடிப்பையாவது எங்கள் ஊரில் வைக்கச் செய்தேன். நிஜ ஷட்டரைப் பார்த்தால் அவர்களுக்குப் புத்தி வரும் என்று ஒரு நம்பிக்கை. இரண்டு வேன், ஒரு ஜெனரேட்டர், நாய் உட்பட எல்லாரும் வந்து இறங்கினார்கள். ஊரே கரையில் கூடிவிட்டது. நானும் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு எல்லாம் தெரிந்தவள் மாதிரி நடந்தேன். எனக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு பரபரப்பு அதற்கு முன் வந்ததில்லை.

வந்தவர்கள் ஒன்றை மட்டும் கேட்க மறந்திருந்தார்கள். டெல்டா என்றால் வாய்க்கால் தோறும் எப்போதும் தண்ணீர் ஓடும் என்று நினைத்துவிட்டார்கள். அன்றைக்குக் கடைமடை முறை. ஷட்டருக்கு அந்தப் பக்கம் பெரிய வாய்க்காலில் தண்ணீர் ததும்பிப் போகிறது. இந்தப் பக்கம், கேமரா வைத்திருந்த எங்கள் கிளை வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. இயக்குநருக்குத் தண்ணீர் பொங்கிக் கேமராவை நோக்கி வர வேண்டும். திறக்க மாட்டார்கள் என்று நான் சொன்னதால், எங்கிருந்தோ நாலு லாரித் தண்ணீரை வரவழைத்து வாய்க்காலில் ஊற்றினார்கள். முதல் லாரியை வெடிப்பு குடித்தது. இரண்டாவதையும் குடித்தது. நாலாவது லாரி காலியானபோது நடிகையின் கொலுசு நனைகிற அளவுக்குச் சேறு வந்திருந்தது.

கரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "இன்னும் நாப்பது லாரி வந்தா நாத்து விட்டுரலாங்க சார்" என்றார். ஊர் சிரித்த சிரிப்பில் சீமை நாய் குரைக்க ஆரம்பித்தது.

இயக்குநர் வேறு வழியில்லாமல் அக்காவிடம் வந்தார். அக்கா கைப்பிடியோடு நின்றுகொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிலும் அது அவளிடம்தான் இருக்கிறது.

"பத்தே நிமிஷம்மா. எடுத்த உடனே மூடிடுவோம். பர்மிஷன் எல்லாம் வாங்கியிருக்கோம்."

"படம் எடுக்க வாங்கியிருப்பீங்க சார். தண்ணிக்கு யாரும் தந்திருக்க மாட்டாங்களே. இன்னிக்கு நம்ம முறை இல்லீங்க. நாளக்கழிச்சி வரும், அன்னிக்கு எடுத்துக்கங்க."

சத்தம் போடாமல், மரியாதையாகச் சொன்னாள். இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பார்த்தீங்களா, இதைத்தான் சொன்னேன் என்கிற முகத்தோடு நின்றேன். எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

மடைக்காரியாக நடிக்கிற பெண் அதுவரை சேற்றில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கரையேறி வந்து அக்காவிடம் நேராகக் கேட்டாள்.

"அக்கா, உங்க சொந்த வயல் காஞ்சப்பகூட, உங்களுக்குத் தொறக்கணும்னு தோணவே இல்லையா?"

அக்கா கைப்பிடியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"தோணாம என்னம்மா? தொறக்கத்தான் போனேன்."

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இருபது வருஷத்தில் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"உச்சி வெயிலு. அப்பா சாப்புடாம படுத்திருந்தாரு. கைப்பிடிய எடுத்தாந்து மாட்டி மூணு சுத்து சுத்திட்டேன். தண்ணி அடியில லேசா எட்டிப் பாத்துச்சு. அப்ப பெரிய வாய்க்கால்ல கீழ சத்தம் கேட்டுச்சு. கடைமடைக்காரங்க அஞ்சாறு பேரு மாரளவு தண்ணியில நின்னு ஆகாயத்தாமரைய வாரிப் போட்டுக்கிட்டு இருக்காங்க, தண்ணி தடையில்லாம அவங்க ஊருக்குப் போவணும்னு. அதுல ஒரு அம்மா நிமிந்து என்னப் பாத்துட்டுச் சிரிக்குது. 'காவலுக்கு வந்துட்டியா தாயி? நீ இருக்கேங்கிற தைரியத்துலதான் நாத்தப் பறிச்சுப் போட்டுட்டோம்'ங்குது. பறிச்ச நாத்து எத்தன நாளு தாங்கும்? மூணு சுத்தையும் திருப்பிச் சுத்திட்டு வந்துட்டேன்."

இயக்குநர் கரை மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். என்னைக் கேட்காமல் என் பாத்திரத்தை மாற்றுகிறார்கள் என்று பதினேழு பத்தி எழுதியவள் நான். அதே பாத்திரத்தை, அதற்குச் சொந்தக்காரியை ஒரு வார்த்தை கேட்காமல், கல்லில் வடித்த சிலையாக வரைந்து வைத்திருந்ததும் நான்தான். அவள் திறப்பாள் என்று அவர் சொன்னார். திறக்க மாட்டாள் என்று நான் சொன்னேன். நடந்ததோ எங்கள் இரண்டு பேருக்குமே எட்டாத ஒன்று. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு நடுவிலும், இப்படி ஒரு காட்சியா என்று மனம் துள்ளியதையும் சொல்லத்தான் வேண்டும்.

"இதையே எடுத்துக்கலாமா மேடம்?" என்று இயக்குநர் என்னைக் கேட்டார். முதல்முறையாக நிஜமான ஆலோசனை.

"என்னைக் கேக்காதீங்க சார். அவளைக் கேளுங்க."

அக்கா என்னைத் தனியாகக் கூட்டிப்போனாள். "அப்பா பாப்பாருடி" என்றாள்.

"ஏன்க்கா அவர்கிட்ட சொல்லவே இல்ல?"

"தொறக்கப் போனேன்னு சொன்னா, ஊரு நம்பிக் குடுத்தத இப்படிப் பண்ணப் பாத்தியான்னு கேக்கும். தொறந்துட்டு மூடினேன்னு சொன்னா, அப்பாவுக்கு இன்னும் வலிக்கும். ரெண்டு பக்கமும் பதிலு சொல்ல முடியல. அதான் யாருக்கும் சொல்லல." வாய்க்கால் பக்கம் திரும்பினாள். "இப்ப இவ்ளோ பேரு முன்னாடி சொல்லியாச்சு. எடுக்கட்டும். ஆனா நான் சொல்ற மாரி எடுக்கணும்."

அன்றிலிருந்து ஐந்தாம் பகுதியின் இயக்குநர் என் அக்காதான். மழை போனது, கோடாலி போனது, நாய் வேனுக்குப் போனது. சிவப்புச் சேலை வேண்டாம், நாலு தடவை துவைத்த சேலை கொண்டு வா என்றாள், வந்தது. நான் மாதக்கணக்கில் மன்றாடிய நிறம். எனக்குக் கொஞ்சம் வயிறெரிந்தது. கடைமடைக்காரர்களாக நடிக்க வந்த துணை நடிகர்கள் ஆகாயத்தாமரையைப் பூப்பறிப்பது போல நுனி விரலால் எடுக்க, அக்கா தலையில் அடித்துக்கொண்டு தானே இறங்கி வாரிப் போட்டுக் காட்டினாள். கைப்பிடியை இடுப்போடு சேர்த்துச் சுற்ற வேண்டும் என்று நடிகைக்குச் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பெண் உள்ளங்கை கொப்புளிக்கும் வரை பழகினாள்.

அவள் சொன்னபடி மூன்றாம் நாள் எங்கள் முறை வந்தது. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் ஷட்டரை மூன்று சுற்று தூக்கி, மறுபடி மூட வேண்டும். மூடுகிற நேரமெல்லாம் ஊர்த் தண்ணீர் வீணாகிறதே என்று ஒருவர் முணுமுணுத்தார். அக்கா எல்லாருக்கும் கேட்கும்படி, "இது எங்க அப்பா வயலு நேரத்துலேர்ந்து போறது, யாரும் கவலப்பட வேணாம்" என்றாள். அக்கா நடந்ததைச் சொன்ன அன்றைக்கு அப்பா கரைக்கு வரவில்லை, கேட்ட யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை, அதனால் இப்போது கரையில் நின்றும் என்ன எடுக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. நம் நேரத்தைப் பிடுங்கி நாடகம் போடுகிறாள் என்று புலம்பிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார். ஆறாவது தடவை எடுத்தபோது, மூன்றாவது சுற்றில் கீழிருந்து குரல் கேட்டதும் அந்தப் பெண் நிமிர்ந்தாள். நான் வரையாமல் விட்ட முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அழுகையாக வந்தது, கைதட்டவும் தோன்றியது, இரண்டையும் செய்தேன்.

ஐந்தாம் பகுதி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒளிபரப்பானது. அப்பா கட்டிலின் நடுவில். அம்மாவும் நானும் தரையில். அக்கா வாசற்படியில் நின்றாள். எத்தனை தடவை கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. அப்பாவுக்கு டிவி பார்த்தால் வாய் சும்மா இருக்காது. நடவு சரியில்லை, வரப்பு கோணல், அந்தப் பொண்ணு மண்வெட்டியப் பிடிக்கிறதப் பாரு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஷட்டர் வந்தது. வெயில் வந்தது. அவள் கைப்பிடியை மாட்டினாள். ஒரு சுற்று. அப்பா பேச்சை நிறுத்தினார். இரண்டு, மூன்று. இரும்புக்கு அடியில் தண்ணீர் பளபளத்தது. கீழிருந்து அந்தக் குரல், பிறகு அந்த முகம். அவள் திருப்பிச் சுற்றி மூடிவிட்டு, கைப்பிடியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். விளம்பரம் வந்துவிட்டது.

அப்பா என் பக்கம் திரும்பினார். "இது நீ கட்டுன கதையா?"

"இல்லப்பா" என்றேன்.

அவர் வாசற்படியைப் பார்த்தார்.

"போனியா?"

"போனேம்பா" என்றாள் அக்கா.

"எத்தன சுத்து?"

"மூணு."

அப்பா மடியில் கிடந்த தன் கையைப் பார்த்தார். அந்தக் கை மெல்ல மூன்று முறை சுற்றுவது போல அசைந்தது. "மூணு சுத்துக்குத் தண்ணி எட்டிப் பாத்திருக்குமே" என்றார்.

"பாத்துச்சுப்பா."

அப்பா கட்டிலில் ஓரமாக நகர்ந்தார். "ஏன் அங்கயே நிக்கிற? வந்து உக்காரு, ஆரம்பிச்சிட்டான் பாரு" என்றார்.

டிவியில் இன்னும் சோப்பு விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.